ஆட்சேபம் இல்லை

இதை எழுதத் தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் நினைவை நான் முழுதாக நம்புவதில்லை. லோகிதா முதன்முதலாக எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று மழை பெய்தது என்றே இத்தனை வருடங்களாக நினைத்திருந்தேன். நனைந்த பள்ளிச் சீருடையோடு வாசலில் நின்று பின்னலைப் பிழிந்தாள் என்பதுகூடக் கண்ணில் நிற்கிறது. ஆனால் வருகைப் பதிவேட்டில் அது மே மாதம். பள்ளி விடுமுறை. அந்த மே மாதம் சென்னையில் ஒரு சொட்டு மழை இல்லை. அப்படியானால் அந்த ஈரப் பின்னல் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே நான் சொல்லும் நாட்களையும் வானிலையையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கம் பதினான்கில் நான் எழுதியதில் மட்டும் எனக்குச் சந்தேகம் கிடையாது. அது என் கையெழுத்தோடு இருக்கிறது.

அப்போது உலக மன்றத்தில் இளையோர் அவை தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய பத்து வருடங்களில் எத்தனை ஊர்களில் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், எத்தனை பேர் அடிபட்டார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கடைசியில் கேட்டது கிடைத்தது. முந்நூறு இடங்கள். உலகம் முழுவதிலுமிருந்து பதினெட்டு வயதுக்குக் குறைந்த முந்நூறு பேர். தன் ஊரின் கடலையோ காற்றையோ நிலத்தையோ தொடுகிற எந்தத் தீர்மானத்தையும் அவர்களில் ஒவ்வொருவரும் தனியாளாக நிறுத்திவைக்கலாம். உள்ளூர் மறுப்பு என்று அதற்குப் பெயர்.

உரிமை வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. மன்றம் ஆண்டுக்கு நாலாயிரம் தீர்மானங்களை எடுக்கிறது. பூமியின் ஏதாவது ஒரு மூலையில் அது எந்நேரமும் கூடியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பரீட்சை இருந்தது. விசா கிடைக்கவில்லை. மொழி தெரியவில்லை. முதல் வருடம் முந்நூறு நாற்காலிகளில் இருநூற்று எழுபது காலியாகவே கிடந்தன. அதற்குத் தீர்வாகத்தான் நிழல்கள் வந்தன.

சுகிர்தா மேடம் அதை லோகிதாவுக்கு விளக்கியபோது நானும் அறையில் இருந்தேன். சென்னை மையத்தின் பொறுப்பாளர் அவர்.

"நாப்பது நாள் இந்த ரூம்ல நீ பேசணும்மா. கேள்வி கேப்பாங்க. உனக்கு எது பிடிக்கும், எதுக்குக் கோவம் வரும், எதை விட்டுக்கொடுப்ப, எதை விடமாட்டன்னு மெஷின் கத்துக்கும். அப்புறம் நீ படிக்கப் போயிடலாம். உன் நிழல் அங்க உக்காந்து உனக்காகப் பேசும்."

"அப்போ எனுக்கு ஒரு டம்மி செய்யப் போறீங்க."

"டம்மின்னு சொல்லக் கூடாது. நிழல்."

"அதான் மேடம். நாஸ்டா துண்ணாது, எக்ஸாம் எய்தாது, எப்ப எழுப்பினாலும் பேசும். எங்கப்பா இன்னா கேட்டாரு தெரியுமா? அது கடல்ல குளிச்சிருக்குமான்னு கேட்டாரு."

"நீ குளிச்சிருக்கல்ல? உன்கிட்டருந்து கத்துக்கும்."

"எனுக்கு நீச்சல் கத்துக்கவே மூணு வருசம் ஆச்சி மேடம். ரெண்டு தடவ செத்துப் பொழச்சேன்."

லோகிதாவுக்கு அப்போது பதினாறு வயது. வடக்கே முகத்துவாரத்தை ஒட்டிய சிப்பிக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். அனல்மின் நிலையத்தின் சுடுநீர் கழிமுகத்தில் விழுகிற இடத்தில் இடுப்பளவு நின்றுகொண்டு, செத்த இறாலைக் கை நிறைய அள்ளிக் காட்டி அவள் பேசிய நான்கு நிமிடக் காணொளியை நாடே பார்த்தது. அதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

என் வேலை குறிப்பாளர். அறையின் மூலையில் உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேட்க வேண்டும். இயந்திரம் கற்றுக்கொள்வதற்கு நான் தேவையில்லை. நிழல் கடைசியில் ஒரு முடிவுக்கு வரும்போது அதை மன்றத்தின் விடைகளாக மாற்ற வேண்டும். மன்றத்துக்கு நான்கே விடைகள்தான் தெரியும்: ஏற்பு, திருத்தம், மறுப்பு, ஆட்சேபம் இல்லை. ஒருவர் சிரித்தால் என்ன பொருள், தலையை ஆட்டினால் என்ன பொருள், பேச்சை மாற்றினால் என்ன பொருள் என்பது ஊருக்கு ஊர் மாறும். அதை எழுதிவைக்கும் படிவத்துக்குப் பழக்கக் குறிப்பு என்று பெயர். முப்பது பக்கம். அதில் பதினான்காவது பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்தது. இவர் பேசாமல் இருந்தால் அதை எவ்வாறு கொள்வது? உரியவரிடம் கேட்டு எழுதவும்.

மன்றத்தில் பெரும்பாலான தீர்மானங்கள் பேசாமலேதான் நிறைவேறும். வரைவைச் சுற்றுக்கு விடுவார்கள். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் யாரும் வாய் திறக்காவிட்டால் நிறைவேறியதாகக் கொள்வார்கள். நாடுகள் இப்படித்தான் வெகுகாலமாகப் பேசிவருகின்றன. ஆகவே அந்தக் கேள்வி சின்னக் கேள்வி இல்லை.

நான் அவளிடம் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் சோம்பல் இல்லை. எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அவள் மணிக்கணக்கில் பேசுவாள். மையத்து மதியச் சாப்பாட்டைக் கிண்டல் செய்வாள். "இன்னா சார் இது மீன் கொழம்பா, மீன் குளிச்ச தண்ணியா" என்பாள். திடீரென்று ஒரு கேள்வியில் நின்றுவிடுவாள். அப்படி அவள் நிற்கும்போது எனக்குள் ஏதோ ஆறுதலாக இருக்கும். நான் பேச்சு குறைந்தவன். ஒரு புத்தகத்தோடு பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் ஒரு வாக்குவாதம் வந்தால் வாயை மூடிக்கொள்வேன். மூடிக்கொண்டால் எதிராளி நினைத்தபடி நடக்கும். நடந்துவிட்டுப் போகட்டும் என்று இருப்பேன். என் திருமணம் அப்படித்தான் நடந்தது. முறிந்ததும் அப்படித்தான். பேசாமல் இருக்கிற இன்னொரு மனிதரைப் பார்த்தால் நம் ஆள் என்று தோன்றிவிடும்.

முப்பத்தோராம் நாள் அந்தக் கேள்வி வந்தது. இயந்திரத்தின் குரல் எப்போதும்போல மென்மையாகக் கேட்டது. ஒரு கோடிப் பேர் பிழைப்பதற்காக உங்கள் ஊரை அப்புறப்படுத்த வேண்டுமென்றால் ஒப்புக்கொள்வீர்களா?

லோகிதா பேசவில்லை. சுவரைப் பார்த்தாள். குரல் இரண்டாம் முறை கேட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் முறை கேட்டது. அவள் மடியில் இருந்த துப்பட்டாவை எடுத்து ஒரு முறை உதறி மறுபடி போட்டுக்கொண்டாள். பிறகு, "அடுத்த கேள்வி கேளு" என்றாள்.

அந்தப் பார்வையில் நான் கண்டது துக்கம் கலந்த ஒப்புதல். வேறு வழியில்லை என்று தெரிந்தவர்களின் அமைதி. எனக்கு அது நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் பக்கம் பதினான்கில் எழுதினேன்: சம்மதம். ஆட்சேபம் இல்லை எனக் கொள்க. கையெழுத்திட்டேன். அந்த வருடம் நான் எழுதிய மற்ற இருபத்தாறு பேரின் படிவங்களிலும் அதே விடைதான். யாரிடமும் கேட்டதில்லை.

பதினொரு மாதம் கழித்து அவள் திரும்ப வந்தாள். உடன் அவள் அப்பா தேசப்பன். நல்ல உயரமான மனிதர். தோளில் துண்டு. வரவேற்பறை நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். லோகிதா முடியை வெட்டியிருந்தாள். முகம் வற்றியிருந்தது.

"சார், என் டம்மி இன்னா பேசுதுன்னு நான் பாக்கணும்."

"அது விதிப்படி முடியாதும்மா. வருடத்துக்கு ஒரு தடவை சுருக்கம் வரும்."

தேசப்பன் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். மீன்வளத் துறையின் அறிவிப்பு. வெண்திரைத் திட்டம் என்று தலைப்பு. கடல் மேல் உப்புத் துகள்களைத் தெளித்து மேகத்தை வெளுக்கச் செய்து வெயிலைத் திருப்பி அனுப்புகிற சோதனை. ஆடி மாதம் முதல் நான்கு வருடங்களுக்கு. முகத்துவாரத்திலிருந்து இருபது மைல் வரை எந்தப் படகும் போகக் கூடாது. கரையில் குடியிருப்பும் கூடாது. கடைசி வரியில் இருந்தது: உள்ளூர் இளையோர் பிரதிநிதி தே. லோகிதா, ஆட்சேபம் இல்லை.

"எம்பொண்ணு பேரு சார் அது" என்றார் தேசப்பன். "ரேசன் கடை செவுத்துல ஒட்டிக்கீறாங்க. எங்க வூட்டு வாசல்ல யாரோ மீன் கழிவக் கொட்டிட்டுப் போறாங்க. பக்கத்து வூட்டுப் பொம்பள இவளத் தூக்கி வளத்தவ. இப்ப மொகத்தத் திருப்பிக்குது."

"நான் சொல்லல சார்" என்றாள் லோகிதா. "சொல்லியிருப்பேனான்னு இப்ப எனுக்கே பயமா கீது. தூக்கத்துல சொல்லிட்டனான்னு எங்கம்மாவக் கேக்குறேன்."

விதியை மீறித்தான் அவர்களை உள்ளே அழைத்துப்போனேன். திரையை எழுப்பினேன். நிழல் வந்தது. அதே பதினாறு வயது முகம். எண்ணெய் வைத்த நீளப் பின்னல். தேசப்பன் ஓரடி பின்னால் நகர்ந்தார். தன் மகள் பக்கத்தில் நிற்க, இன்னொரு மகள் எதிரே இருப்பதை அவர் மாறி மாறிப் பார்த்தார்.

லோகிதாதான் முதலில் பேசினாள். "இன்னாடி, இன்னும் அதே சுடிதாரா?"

"எனுக்கு யாரு புதுசு வாங்கித் தராங்க" என்றது நிழல். "நீ முடிய இன்னா பண்ண? எலி கடிச்சிச்சா?"

இருவரும் சிரித்தார்கள். ஒரே சிரிப்பு, இரண்டு இடத்திலிருந்து.

"வெள்ளத் தெர வந்திச்சே, அதுக்கு இன்னா சொன்ன?"

நிழலின் சிரிப்பு நின்றது. அது அவளையே பார்த்தது.

"உன்னத்தான் கேக்குறேன். இன்னா சொன்ன?"

அது சுவர்ப் பக்கம் பார்ப்பதுபோலக் கண்ணைத் திருப்பியது.

"மூணாவது தபா கேக்குறேன்டி. இன்னா சொன்ன?"

நிழல் வாய் திறக்கவில்லை. பிறகு துப்பட்டாவை எடுத்து உதறியது.

தேசப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தானும் ஒரு முறை உதறினார். அவர் கண் கலங்கியிருந்தது. "முடிஞ்சிபோச்சி சார். அது நம்ம பொண்ணுதான். வேணான்னு சொல்லிட்சி."

"எப்போ சொன்னது?"

"இப்ப சொல்லிச்சே. பாத்துகினுதான இருந்த."

எனக்கு விளங்கவில்லை. லோகிதாதான் சொன்னாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. "சார், எங்க ஊர்க்கூட்டத்துல யாரும் வாயால இல்லன்னு சொல்ல மாட்டாங்க. நாளிக்குக் காலைல அதே ஆளோட ஒரே போட்ல ஏறணும். மொகத்துக்கு நேரா இல்லன்னு சொல்லிட்டு எப்படி ஏறுறது? அதால புடிச்சிருந்தா ஆவட்டும்னு சத்தமா சொல்வாங்க. புடிக்கலன்னா கம்முனு இருப்பாங்க. எங்க ஊர்த் தலவரு, நாட்டாரு, மூணு தபா கேப்பாரு. மூணு தபாவும் சத்தம் வரலன்னா துணிய உதறிகினு எழுந்துடுவாங்க. அந்தப் பேச்சு செத்துப்போச்சி. அதுக்கு மேல அத யாரும் எடுக்கக் கூடாது."

"எல்லாருக்கும் தெரியும் சார் இது" என்றார் தேசப்பன். "கொழந்தைக்குக்கூட."

நான் பதிவைத் திறந்து பார்த்தேன். வெண்திரை வரைவு நிழலிடம் மூன்று முறை சென்றிருந்தது. மூன்று முறையும் மௌனம். அதன் உள்நிலையை ஒரு சின்னக் கோடாகக் காட்டுவார்கள். குறிப்பாளர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. மூன்று முறையும் அந்தக் கோடு மறுப்பின் கடைசி எல்லையில் இருந்தது. இயந்திரம் அவளை ஒரு பிசகும் இல்லாமல் கற்றிருந்தது. தன்னால் முடிந்த அளவு உரக்க அது வேண்டாம் என்று சொல்லியிருந்தது. அதற்குப் பிறகு பக்கம் பதினான்கு குறுக்கிட்டது.

அதை அவர்களிடம் அப்போதே சொன்னேன். அது ஒன்றுதான் இந்தக் கதையில் நான் சரியாகச் செய்தது. தேசப்பன் திட்டவில்லை. "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்" என்றார்.

நடந்ததை நான் சொன்னதும் சுகிர்தா மேடம் கதவைத் தாழிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"நம்பி, இது ஒரு பொண்ணோட விஷயம் இல்ல. எத்தனை பேர் படிவத்துல கேக்காம எழுதினீங்க?"

"இருபத்தேழு. மற்ற மையங்கள்லயும் அப்படித்தான் எழுதறாங்க மேடம். எல்லாருக்கும் தெரியும்."

"அதான் பயமா இருக்கு. இது வெளிய வந்தா முந்நூறு பேரோட எல்லா முடிவும் செல்லாதுன்னு ஆகும். நிலக்கரித் துறைமுகத்தை மூடினது, நதி உடன்படிக்கை, எல்லாம். இந்த அவையை இழுத்து மூடணும்னு எத்தனை நாடு காத்துக்கிட்டு இருக்கு தெரியுமா? என் தம்பிக்கு ஒரு கண்ணு போனது இந்த அவைக்காகத்தான். ரப்பர் குண்டு. அவனுக்கு அப்ப பதினஞ்சு வயசு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேர்ல ஆஜராகி மறுக்க அவளுக்கு உரிமை இருக்கு. விசாரணை வைக்கிறேன். உங்களைச் சாட்சியாக் கூப்பிடுவாங்க. என்ன சொல்லணும்னு நான் சொல்ல மாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் மிரட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சிப்பிக்குப்பத்தில் ஊர்க்கூட்டம். லோகிதா என்னை வரச் சொன்னாள். காலை எட்டு மணிக்கே வெயில் சுட்டது. மணலில் ஆண்களும் பெண்களுமாக இருநூறு பேர். முதலில் நாட்டார் அறிவிப்பைப் படித்தார். படித்துவிட்டு, "இதுக்கு நம்ம சம்மதமா?" என்று கேட்டார்.

யாரும் அசையவில்லை. ஒரு குழந்தை சிணுங்கியது, அதன் தாய் முலையை வாயில் வைத்தாள். மறுபடி கேட்டார். இருநூறு பேரின் கண்களும் மணலில் இருந்தன. என் வாழ்நாளில் நான் மௌனம் என்று நினைத்திருந்தது வேறு ஏதோ. மூன்றாம் முறை கேட்டார். பிறகு இருநூறு துணிகள் ஒரே நேரத்தில் உதறப்பட்டன. மணல் பறந்து முகத்தில் அடித்தது.

அடுத்து நாட்டார், "நம்ம தேசப்பன் பொண்ணு அங்க போயி வாயத் தொறந்து இல்லன்னு சொல்லணுமாம். அவங்களுக்கு அப்டி சொன்னாத்தான் வெளங்குதாம். சொல்லலாமா?" என்று கேட்டார்.

"ஆவட்டும்" என்றது கூட்டம். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் எழுந்து நின்று, "ஆவட்டும், சொல்லட்டும்" என்று கத்தினாள். லோகிதா அழுதாள்.

திரும்பும்போது அவள் என்னோடு பேருந்து நிறுத்தம் வரை வந்தாள்.

"வாய்ல வரல சார். நேத்து கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன். இல்ல, வேணாம், இல்ல, வேணாம். யாரையோ அடிக்கிற மாரி கீது." சிறிது தூரம் நடந்த பின், "நீ இருப்பல்ல சார் அங்க?" என்றாள்.

"இருப்பேன்."

விசாரணை எங்கள் அலுவலகத்திலேயே காலை பதினொரு மணிக்கு நடந்தது. பெரிய திரையில் ஏழு பேர். நடுவில் தலைவர். நரைத்த முடியும் கனிவான முகமும் கொண்ட பெண்மணி. அவர் பேசுவது சுத்தமான தமிழாக மாறி எங்களுக்குக் கேட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சுகிர்தா மேடம் நின்றார்.

லோகிதா அப்பாவின் பக்கத்திலிருந்து எழுந்தாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்" என்றாள். "எங்க கடல் மேல வேணாம். ஊர எடுக்க வேணாம். இல்ல. நான் ஒத்துக்கல."

நடுக்கமில்லாமல் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. திரையின் ஓரத்தில் ஓர் எண் எழுந்தது. அவள் சொன்னதை அவள் நிழலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எண். முப்பத்தொன்று. நூற்றுக்கு.

தலைவர் முன்னால் சாய்ந்தார். "மகளே, நாற்பது நாள் பதிவில் ஒரு முறைகூட நீ இவ்வாறு பேசியதில்லை. இன்று நீ பேசுவது உன் இயல்பாக இல்லை. அஞ்சாமல் சொல். இப்படிப் பேசும்படி யாராவது உன்னிடம் சொன்னார்களா?"

லோகிதாவின் முகத்தில் பெருமை வந்தது. "ஊரே சொல்லிச்சி" என்றாள். "எல்லாரும் சேந்து ஆவட்டும்னு சொன்னாங்க. எங்க நாட்டாரு சொன்னாரு."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார். பெரியவர்களின் வற்புறுத்தலுக்கு ஆளான பிள்ளைகளைக் காப்பதற்காக மன்றம் ஒரு விதி வைத்திருந்தது: அப்படிச் சொல்வது செல்லாது. நல்ல விதி. போராடி வாங்கிய விதி.

"ஊர்க் கட்டுப்பாட்டின் பேரில் பேசுவதாக இவரே கூறுகிறார்" என்றார் தலைவர் வருத்தத்தோடு. பிறகு என் பக்கம் திரும்பினார். "குறிப்பாளர் அவர்களே, இவருடைய மௌனம் சம்மதம் என்று பக்கம் பதினான்கில் எழுதியவர் நீங்கள். அந்தக் குறிப்பின் மீது இப்போது உங்களுக்கு ஏதேனும் ஆட்சேபம் உண்டா?"

சொல்ல வேண்டிய வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. நான் அவளிடம் கேட்காமல் எழுதினேன். நான்கு சொற்கள். காலையில் பேருந்தில் வரும்போது உதட்டுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் சுகிர்தா மேடம் கண்ணை மூடி நின்றிருந்தார். முந்நூறு பிள்ளைகள், நதிகள், ஒரு பையனின் கண். என் பெயர் உலகமெங்கும் செய்தியாவது. எது முதலில் வந்தது என்று இன்று சொல்ல முடியவில்லை. பயம் என்பது மட்டும் தெரியும். யாராவது மறுபடி கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். தலைவர் ஒரே ஒரு முறைதான் கேட்டார்.

அப்போதுதான் லோகிதாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் முழுவதும் நன்றி. அப்பாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். தேசப்பனும் எனக்குத் தலை தாழ்த்தினார். அவர்கள் ஊர் வழக்கப்படி நான் அந்தக் குறிப்பை மறுத்துக்கொண்டிருந்தேன். உலகத்தின் முன்னால், அவர்கள் மொழியில், அவர்களுக்காக.

"ஆட்சேபம் இல்லை எனப் பதிவு செய்யப்படுகிறது" என்றார் தலைவர். "குறிப்பு உறுதியாகிறது. விசாரணை முடிந்தது."

தமிழாக்கம் வந்து சேர ஓரிரு வினாடி ஆகும். அந்த ஓரிரு வினாடியும் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

வெண்திரை ஆடி மாதம் முதல் வாரம் தொடங்கியது. வானம் மோர் நிறமாயிற்று. சூரியனை வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது. சென்னையின் கோடை ஒன்றரை டிகிரி குறைந்தது, அதனால் பலர் பிழைத்தார்கள் என்பதும் உண்மை. நான்கு வருடச் சோதனை இருமுறை நீட்டிக்கப்பட்டது. இரண்டு தடவையும் ஆட்சேபம் இல்லை.

சிப்பிக்குப்பத்து மக்களை மூன்று இடங்களில் அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றினார்கள். ஊர்க்கூட்டம் அதன்பின் கூடவில்லை. நாட்டார் தன் மகன் வீட்டோடு போய்விட்டார். தேசப்பன் ஒரு துணிக்கடையில் காவலாளியாக இருந்து, ஆறாம் வருடம் இறந்தார். சுகிர்தா மேடம் இப்போது மன்றத்தின் தலைமையகத்தில் இருக்கிறார். அவையை யாரும் மூடவில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பக்கம் பதினான்கை இப்போதைய படிவத்தில் எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். எல்லோருக்கும் ஒரே விடை என்பதால் தேவையில்லையாம்.

லோகிதாவுக்கு இருபத்தாறு வயது. பொன்னேரிப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். திருமணமாகிவிட்டது, ஒரு பெண் குழந்தை. நான் எழுதிய கடிதங்களுக்கு அவள் பதில் போட்டதில்லை. அதை எப்படிக் கொள்வது என்று எனக்குத் தெரியும்.

நிழலுக்கு மட்டும் இன்னும் பதினாறு வயதுதான். சென்ற மாதம் இளையோர் அவையின் தலைவராக அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்பது ஆண்டுகளில் ஒரு தீர்மானத்துக்குக்கூட மறுப்புத் தெரிவிக்காத ஒரே உறுப்பினர் என்று அறிவிப்பில் இருந்தது.